சிறுவர் சந்தையில் விற்கப் பழகுகிறார்கள். கணக்குப் பார்க்க எப்போது பழகுவார்கள்?

2025 மார்ச் 29, வாசகி ஒருவரின் கேள்வி

என் மகன் இம்மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். பெறுபேறு வர இன்னும் சில மாதங்கள் ஆகும். உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுக்கப்போவதாகச் சொல்கிறான். நாங்கள் உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் வியாபாரம் செய்தவர் எவரும் இல்லை. அவன் ஆரம்பப் பிரிவில் படித்தபோது பாடசாலையில் நடந்த சிறுவர் சந்தையில் விற்றதுதான் அவனுக்கிருக்கும் ஒரே அனுபவம். இந்த இடைவெளியில் வியாபாரத்தை அவனுக்கு எப்படி அறிமுகம் செய்யலாம்? முயற்சியாண்மை பற்றி ஊக்கமூட்டும் கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன்.

2025 மார்ச் 30

கருத்தரங்குக்கு வைத்திருக்கும் பணத்தை அவன் கையில் வியாபார முதலாகக் கொடுங்கள் என்பதே என் பதில். நான் திருகோணமலை நகரில் பாடசாலை ஒன்றுக்கு அருகே போட்டோக்கொப்பியும் எழுதுபொருளும் விற்கும் கடை நடத்துகிறேன்; அதற்கு முன்னர் பல ஆண்டுகள் தனியார் கல்வி நிலையத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் கற்பித்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பிள்ளைகளுக்குத் துணிவு குறைவில்லை, செலவை முழுமையாக எண்ணும் பழக்கத்தைத்தான் நாம் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட சிறுவர் சந்தையையே எடுத்துக்கொள்வோம். மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் அங்கே நடப்பது என்ன? அம்மா வடை சுடுகிறார், அப்பா வாழைக்குலை வாங்கிக் கொடுக்கிறார், பின்னர் அவர்களே மேசைக்கு முன்னால் வந்து நின்று அதை வாங்குகிறார்கள். அதிபர் ஒரு சுற்று வருகிறார், படம் எடுக்கிறார்கள், பிள்ளை கை நிறையக் காசுடன் வீட்டுக்குப் போகிறது. அந்தக் காசு முழுவதும் இலாபம் என்றே பிள்ளை நம்புகிறது.

எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, நான்காம் வகுப்பு, அப்படியொரு சந்தையில் கச்சான் விற்றாள். நாற்பது சுருள், சுருள் முப்பது ரூபாய், அத்தனையும் விற்றுப்போனது. ஆயிரத்து இருநூறு ரூபாயை மேசையில் அடுக்கிவைத்து ‘எனக்கு இவ்வளவு இலாபம், மாமா’ என்றாள். அவளுடைய கொப்பியிலேயே ஒரு பக்கத்தை எடுத்து இருவரும் எழுதினோம். பச்சைக் கச்சான் ஒரு கிலோ 700. வறுக்க விறகு 60. சுருள் செய்த தாளும் உப்பும் 80. சாமான்களுடன் பாடசாலைக்குப் போக முச்சக்கரவண்டி 200. மொத்தம் 1,040. மீதி 160. பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளாகவே கேட்டாள்: ‘பஸ்ஸில் போயிருந்தால்?’

வியாபாரக் கல்வி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். விலையைக் கூட்டலாமா, சுருளைச் சிறிதாக்கலாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் சேர்ந்து ஒரே முச்சக்கரவண்டியில் போகலாமா என்று அன்று மாலை முழுவதும் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பேச்சாளரும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் மகனுக்கும் இதுவே என் யோசனை. சிறிய தொகை ஒன்றைக் கொடுங்கள். எதை விற்பது என்பதை அவனே தெரிவு செய்யட்டும். ஒரு கொப்பி மட்டும் கட்டாயம்.

2025 மார்ச் 31

நேற்றைய கணக்கில் அம்மாவின் உழைப்பு எங்கே என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மிகவும் சரியான கேள்வி. கச்சானை மணலில் போட்டு வறுத்து, புடைத்து, சுருளில் நிரப்ப அந்தத் தாய்க்கு இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு பெறுமதி போட்டால் 160 ரூபாய் மீதி என்பது நட்டமாக மாறிவிடும்.

நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்த வரியை நான் எழுதச் சொல்லவில்லை. அன்றைக்கு அது போதும் என்று நினைத்தேன். பதினாறு வயதுப் பிள்ளையிடம் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எத்தனையோ சிறு கடைகள் இலாபத்தில் ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் மனைவியும் தாயும் பிள்ளைகளுமே. அந்த வீட்டுப் பிள்ளை பிற்காலத்தில் கடையைப் பெருப்பிக்க ஆள் வைக்கும்போதுதான், முதன்முதலாகச் சம்பளம் கொடுக்க வேண்டிவருகிறது. அப்போதுதான் அந்த வியாபாரம் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பது தெரியவருகிறது.

2025 ஏப்ரல் 5

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடையில் வாப்பாவின் அருகே உட்கார்ந்தே பழகிவிடுகிறார்கள் என்றும், பெருநாள் வியாபாரத்தில் ஒரு கிழமை நின்றால் கற்பது வகுப்பறையில் ஒரு தவணையில் கற்பதை விட அதிகம் என்றும் சொல்கிறார். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். வியாபாரக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கு இல்லாதது அந்த உட்காரும் இடம்தான். நம்பிக்கையான ஒருவரின் கடையில், விடுமுறைக் காலத்தில், தினமும் சில மணித்தியாலம் இருக்க அனுமதி கேட்டு வாங்கிக் கொடுப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆனால் உட்கார்ந்திருப்பதால் மட்டும் எல்லாம் வந்துவிடாது. கடைக்காரர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று பிள்ளை கேட்க வேண்டும். அவரும் சொல்ல வேண்டும்.

2022 இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு தாள் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. என் கடையில் பழைய விலைக்கு வாங்கிய தாள் கட்டுகள் கொஞ்சம் மீதமிருந்தன. அப்போது உயர்தரம் படித்துக்கொண்டு மாலையில் எனக்கு உதவிய மாணவன் ஒருவன், ‘பழைய விலைக்கு வாங்கிய தாளுக்கு ஏன் புதிய விலை வாங்குகிறீர்கள், இது நியாயமா, அண்ணா?’ என்று வாடிக்கையாளர் போனபின் என்னிடம் கேட்டான். அவன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அவனையே கணக்குப் போடச் சொன்னேன். ஒரு கட்டில் 500 தாள். பழைய விலையிலேயே 500 பக்கமும் அடித்துக் கொடுத்தால் கையில் வரும் காசுக்கு, மை, மின்சாரம், வாடகை எல்லாம் கழித்தபின், புதிய விலையில் எத்தனை தாள் வாங்கலாம்? அரைக் கட்டும் வரவில்லை. இப்படியே இரண்டு மூன்று சுற்றுப் போனால் கடையில் தாளே இருக்காது, பிள்ளைகளுக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்காது.

அதே வேளை, அந்தக் கணக்கு என்னைத் தடுத்த இடமும் ஒன்று உண்டு. பரீட்சைக்கு முந்தைய கிழமை, வேறு வழியில்லாத பிள்ளையிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. மறுமுறை தாள் வாங்கவும் கடை நடக்கவும் தேவையானதற்கு மேல் நான் கூட்டவில்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அவனும் நானும் பல மாலைகள் விவாதித்தோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டும் நிலைக்கு வந்தது. அவனுடைய பொருளியல் பாடத்தில் அது ஒரு வரியாக வரும். எனக்குத் தெரிந்தவரை அந்த வரியை அவனைப் போல் விளங்கிக்கொண்டு பரீட்சை எழுதியவர்கள் குறைவு.

2025 ஏப்ரல் 6

கடையில் உட்கார வைப்பது சிறுவர் தொழில் ஆகாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த எல்லையை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியும் 16 வயது வரைதான். ஆகவே பதினாறு நிறையாத பிள்ளையை வேலைக்காரர் போல வைத்திருக்கக் கூடாது. பதினாறு கடந்தவரிடமும் பாரம் தூக்கவோ இரவில் கடை பூட்டவோ சொல்வது முறையல்ல. பிள்ளை கற்க வந்திருக்கிறது. கடையின் வேலையாளுக்குப் பதிலாக வரவில்லை. இதைப் பெற்றோரும் கடைக்காரரும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

2025 ஏப்ரல் 19

புதுவருடம் முடிந்தது, இனி நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன். தன் மகனும் நண்பர்களும் சேர்ந்து கடற்கரையில் ஏதாவது செய்ய விரும்புவதாக முதற்கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். சுழியோடிப் பார்க்கும் கண்ணாடிகளை வாங்கி, புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது அவர்களுடைய எண்ணம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் கொப்பியின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கரையில் கடல் அடங்கியிருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் படகு ஓடாது, ஆள் வராது. தென்கரையில் அப்போதுதான் சீசன். ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும் என்பதை அந்தக் கரையில் விருந்தினர் விடுதி நடத்துகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஐந்து மாதமும் உறுதியில்லை: 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் சீசன் தொடங்கும் வேளையில் நடந்தது, அடுத்த ஆண்டு கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை. தொடர்ந்து வந்த அந்த ஆண்டுகளில் படகுக்குக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்.

இன்னொன்று. புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே நுழைவுச்சீட்டு உண்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உண்டு, பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது. கண்ணாடி வாடகைக்குக் கொடுக்கும் பிள்ளை இதைத் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாறை செத்தால் அந்த வியாபாரமும் இல்லை.

கண்ணாடி தொலைந்தால் யார் பொறுப்பு, வார் அறுந்தால் எவ்வளவு, முற்பணம் வாங்குவதா? இந்த மூன்று கேள்விக்கும் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் பதில் இருக்கட்டும்.

2025 ஏப்ரல் 27

ஏப்ரல் 5 இல் நான் எழுதியதை விரிவாக்க வேண்டியிருக்கிறது. மூதூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: ‘கடையில் உட்கார வைக்கச் சொல்கிறீர்கள், பெண்பிள்ளையை யாருடைய கடையில் உட்கார வைப்பது?’ அவருடைய தயக்கத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். பெண்கள் நடத்தும் தையற்கடை, அழகுக்கலை நிலையம், வீட்டில் கேக் செய்து விற்பவர் என்று எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

அவருடைய மகள் ஏற்கெனவே பேஸ்புக்கில் தையல் சட்டைகளை விற்கத் தொடங்கிவிட்டாள் என்பதே எனக்கு அதிக மகிழ்ச்சி. அந்த முறையில் பிள்ளைகள் எண்ணத் தவறும் செலவு ஒன்று இருக்கிறது: பொருளைக் கையில் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பும் பொதி திரும்பி வருவது. வாங்குவதாகச் சொன்னவர் தொலைபேசியை எடுப்பதில்லை, பொதி ஒரு கிழமை அலைந்து திரும்பி வருகிறது, போக்குவரத்துக் கட்டணம் விற்றவர் தலையில். பத்துப் பொதியில் இரண்டு திரும்பினால், மீதி எட்டின் இலாபத்திலிருந்துதான் அந்தச் செலவு போகிறது. ஆகவே திரும்பி வந்த பொதிகளுக்கென்று கொப்பியில் தனிப் பக்கம் வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் கட்டணத்தின் ஒரு பகுதியையாவது முன்னதாகக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் செய்தாலும் சுத்தம் பற்றிய சட்டம் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே போய்ச் சந்தித்துக் கேளுங்கள். தொடர்ந்து செய்வதென்று முடிவானால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அதே செயலகத்தில் சிறு தொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு என்று ஒன்று இயங்குகிறது. அதன் உத்தியோகத்தர்களிடம் போகும் பெற்றோர் மிகக் குறைவு. பதினெட்டு நிறையும் வரை வங்கிக் கணக்கையும் பதிவையும் பெற்றோருடன் சேர்ந்தே பார்க்க வேண்டிவரும்.

2025 மே 4

சுருக்கமாக ஒன்று. திருகோணமலையில் வியாபாரம் செய்யும் பிள்ளைக்குச் சிங்களம் தெரிய வேண்டும். வெசாக் கிழமையில் கோணேசர் கோயிலடிக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வரும் பஸ்களை எண்ணிப் பாருங்கள். விலை சொல்வதற்கும், ‘இது நேற்றுச் செய்தது, இது இன்று செய்தது’ என்று நேர்மையாகச் சொல்வதற்கும் தேவையான அளவாவது பேசப் பழகட்டும். தம்புள்ளையிலிருந்து மரக்கறி எடுப்பவர்களிடம் கேளுங்கள், மொழி தெரிந்தவருக்குக் கிடைக்கும் விலை வேறு.

2025 மே 18

‘முதல் இல்லை, கடன் எடுத்துத் தொடங்கலாமா?’ என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். கிழமைதோறும் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன் எங்கள் மாகாணத்தில் எத்தனை பெண்களை ஊரைவிட்டே ஓடச் செய்தது என்பதைப் பார்த்த பிறகு, இதை மெத்தனமாக என்னால் பேச முடியாது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

தம்பி, கையொப்பமிட முன்னர் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். ஓர் இலட்சம் கடன், ஆண்டு வட்டி 24 சதவீதம், பன்னிரண்டு மாதத் தவணை என்று சொல்கிறார்கள். வட்டியை முழுத்தொகைக்கும் போட்டுவிட்டால் நீங்கள் கட்டுவது 1,24,000, மாதம் 10,333. ஆனால் அந்த இலட்சம் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. ஆறு மாதத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பாதிக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்கு என்று கணக்கிட்டால் அதே கடனின் வட்டி 40 சதவீதத்தைத் தாண்டும். ‘வட்டி முழுத்தொகைக்கா, மீதிக்கா?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விற்றுப் பார்க்காத பொருளுக்குக் கடன் எடுக்க வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் தொடங்கியவர், முதல் சரக்கு விற்காமல் போனாலும் மறுநாள் தலைநிமிர்ந்து தெருவில் நடக்கலாம்.

2025 ஜூன் 1

அரச உத்தியோகம் கிடைக்கும் வரைக்கும்தானே இதெல்லாம் என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார். உத்தியோகத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பாதுகாப்பை விரும்பும் குடும்பங்கள் போரையும் 2004 சுனாமியையும் கண்டவை. ஆனால் ஒப்பிடுவதென்றால் சரியாக ஒப்பிட வேண்டும். தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதமும் போகின்றன. அரச ஊழியருக்கு ஓய்வூதிய ஏற்பாடு இருக்கிறது. சுயதொழில் செய்பவருக்கு இவை எதுவும் தானாக வராது. ஆகவே ஐம்பதாயிரம் சம்பளமும் கடையில் ஐம்பதாயிரம் மீதியும் ஒன்றல்ல. கடைக்காரப் பிள்ளை தன் முதுமைக்கென்று மாதாமாதம் ஒதுக்குவதையும் ஒரு செலவாக எழுதப் பழக வேண்டும்.

2025 ஜூன் 15

கண்ணாடி வாடகைக்குக் கொடுக்கும் மூன்று நண்பர்களுக்கிடையில் முதல் பிணக்கு வந்திருக்கிறது. ஒருவன் காசில் பாதியைப் போட்டவன். இன்னொருவன் குறைவாகப் போட்டாலும் தினமும் கரையில் நிற்பவன். மூன்றாமவனின் மாமாவின் படகு. பொசன் விடுமுறையில் நல்ல வருமானம். அதை எப்படிப் பிரிப்பது என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

இதற்கான விடை அவர்கள் உயர்தரத்தில் படிக்கப்போகும் கணக்கீட்டுப் பாடத்திலேயே இருக்கிறது. உடன்படிக்கை எதுவும் இல்லாவிட்டால் 1890 ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு பொருந்தும்: இலாப நட்டம் சமமாகப் பிரியும், முதலுக்கு வட்டி இல்லை, உழைப்பவருக்குச் சம்பளம் இல்லை. அதாவது பாதிக் காசு போட்டவனுக்கும் வெயிலில் நின்றவனுக்கும் ஒரே பங்கு. இருவரும் அதை நியாயம் என்று ஏற்கமாட்டார்கள். அதைவிட, மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1840 இலிருந்தே சொல்கிறது. இவற்றையெல்லாம் மாணவர்கள் புள்ளிக்காக மனப்பாடம் செய்வதை ஆண்டுதோறும் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா, மூன்று பிள்ளைகளையும் ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து, ஒரே தாளில் எழுத வையுங்கள். கரையில் நிற்பவனுக்கு நாட்கூலி முதலில் கழியட்டும். படகுக்காரருக்கு ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் தீர்மானிக்கட்டும். மாமா என்பதால் இலவசம் வேண்டாம். தொலைந்த கண்ணாடிகளின் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் போட்ட காசின் விகிதத்தில் பிரிக்கட்டும். செப்டெம்பர் முடிவில் கண்ணாடிகளை யார் வைத்துக்கொள்வது, ஒருவன் இடையில் விலகினால் அவன் பங்கு என்னவாகும் என்பதையும் இப்போதே எழுதட்டும். மூவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கட்டும். பிரதியை என் கடையில் எடுக்கலாம். இதற்குக் காசு வேண்டாம்.